மாத்திரையை மாற்றிய பிறகே கருவுற்றேன்

பதினேழு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. அன்று முதல் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் எடுத்து வந்தேன், வலிப்பும் அடங்கியிருந்தது. திருமணமாகிச் சிங்கப்பூரின் ஈசூனில் குடியேறிய பின்பும், வழக்கமாகச் செல்லும் மருந்தகத்தில் மருந்துச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்களே தவிர, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பிறகு நான் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் முதன்முதலாக விளக்கினார். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும் பெரிய பிறவிக் குறை, தாய் வால்ப்ரோயேட் எடுத்திருந்தால் ஏறத்தாழ 10 பேருக்கு ஏற்படுகிறது. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், நினைவாற்றல் ஆகியவற்றில் சிக்கல் வரலாம். முதுகுத்தண்டாக வளரும் குழாய் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிவிடுவதால், நாள் தள்ளிப்போனதை உணர்ந்து மருத்துவரிடம் ஓடும்போது அந்தக் கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும் என்றார்.

“அப்படியானால் மாத்திரையையே விட்டுவிடும்மா” என்றார் என் மாமியார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் திடீரென நிறுத்தினால் வரக்கூடிய பெரிய வலிப்பு என் உயிருக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்பதை மருத்துவரே அவருக்கு எடுத்துச் சொன்னார்.

லாமோட்ரிஜின் என்னும் வேறொரு வலிப்பு மருந்துக்கு மாறினேன். வால்ப்ரோயேட் உடலில் இருக்கும்போது லாமோட்ரிஜின் இரத்தத்தில் கூடுதலாகத் தேங்கிக் கடுமையான தோல் தடிப்பை உண்டாக்கலாம் என்பதால், முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம் மட்டுமே. சமையலறை நாள்காட்டியில் மாத்திரை நாள்களுக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். கழுத்தில் வேர்க்குரு வந்தபோதுகூடப் பதறியடித்து மருத்துவரிடம் காட்டினேன். பழைய மருந்து முற்றிலும் நின்று, வலிப்பும் வராமல் இருக்க ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. இந்த மருந்து எல்லாருக்கும் கேட்பதில்லை, எனக்குக் கேட்டது. அதன் பிறகே, மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் எடுத்துக்கொண்டு, கருவுற முயன்றோம்.

கர்ப்பத்தில் உடல் லாமோட்ரிஜினை விரைவாக வெளியேற்றிவிடும். ஆகையால் மாதந்தோறும் இரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டினார்கள். இருபதாவது வார ஸ்கேனில், சரத்தில் கோத்த மணிகளைப் போல் திரையில் தெரிந்த முதுகெலும்பைத் தாதி மேலிருந்து கீழாக நிதானமாகக் காட்டியபோது, என் கணவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டேன்.

மகள் பிறந்ததும் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும் என்பதால், இரவு இரண்டு மணிப் பாலைக் கணவர் புட்டியில் கொடுக்கிறார். வலிப்பு வந்தாலும் மகள் கீழே விழாதிருக்க, பகலில் நான் தரையில் பாய் விரித்து, அதில் படுக்கவைத்தே அவளுக்கு உடை மாற்றுகிறேன்.