கிரீன்விச்சில் மணி என்ன?

லண்டன் கிரீன்விச் வான் ஆய்வகத்துக்கு வருகிற கூட்டம் முதலில் செய்வது ஒன்றுதான். முற்றத்தில் பதித்திருக்கும் பூஜ்ய தீர்க்கரேகைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால், ஒரு போட்டோ. அடுத்தது, போனை எடுத்து தீர்க்கரேகை பார்ப்பது. அங்கேதான் முகம் தொங்கும். பூஜ்யம் வராது, மேற்கே 5.3 விநாடி என்று காட்டும் (கடிகார விநாடி இல்லை, ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்கு). போனை இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.

போன் சரி. கோடும் சரிதான். இந்தக் கோடு ஜார்ஜ் ஏரி (தண்ணீர் நிற்கிற ஏரி இல்லை, மனிதர், அன்றைய அரசு வானியலாளர்) 1851-இல் பயன்படுத்தத் தொடங்கிய தொலைநோக்கியின் நடுக்கோடு. 1884-இல் வாஷிங்டன் மாநாடு அதையே உலகத்துக்கு பூஜ்யமாக வைத்தது. தொலைநோக்கி நேர் செங்குத்தா என்று பார்க்கக் கீழே ஒரு பாத்திரத்தில் பாதரசம் வைப்பார்கள். பாதரசத்தின் மட்டம் அந்த இடத்து ஈர்ப்பைப் பொறுத்தது. அது பூமியின் நடுமையத்தை அச்சுப் பிசகாமல் காட்டாது, துளி சாயும். ஜிபிஎஸ்ஸோ பூமியின் நிறைமையத்திலிருந்து கணக்குப் போடுகிறது. அந்தத் துளிச் சாய்வு தரையில் 102 மீட்டர். உங்கள் போனுக்கு பூஜ்யம் வேண்டுமானால் கிழக்கே பூங்காவுக்குள் நடக்க வேண்டும். அங்கே கோடும் கிடையாது, வரிசையும் கிடையாது.

இது போதாதென்று, ஏரியின் கோட்டுக்கு மேற்கே சுமார் 5.8 மீட்டரில் அவருக்கு முந்தைய அரசு வானியலாளர் பிராட்லியின் கோடு. பழைய கருவி ஒரு நாளும் நிற்கக் கூடாதென்று பக்கத்து அறையில் புதியதை நிறுவினார் ஏரி. பூஜ்யமும் கூடவே இடம் பெயர்ந்தது. பிரிட்டனின் நில அளவை வரைபடங்கள் இன்னும் பிராட்லியை விடவில்லை.

மேலே எண்கோண அறை. 1675-இல் தொடங்கிய கட்டடம், கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்தது, செலவு 520 பவுண்டு. கெட்டுப்போன வெடிமருந்தை விற்ற காசு. சிக்கனத்துக்காகப் பழைய கோட்டையின் அஸ்திவாரத்திலேயே எழுப்பியதில் சுவர்கள் வடக்கைவிட்டு 13 டிகிரி திரும்பிவிட்டன. நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வடக்கு-தெற்குச் சுவர் வேண்டும். ஆக இவ்வளவு அழகான அறையை விட்டுவிட்டு, முதல் அரசு வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் தோட்டத்துக் கொட்டகையில் போய் அளந்தார்.

கப்பல்களுக்காக ஹாரிசன் என்ற கைவினைஞர் செய்த கடல் கடிகாரங்களிடம் அவசரப்படாதீர்கள். முதல் மூன்றும் ஆடி அசைந்து ஓடும். நான்காவது, உள்ளங்கை கொள்கிற அந்தப் பெரிய பாக்கெட் வாட்ச்தான் நடுக்கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கிற சிக்கலை அவிழ்த்தது, அது நின்றிருக்கும். பழுது இல்லை. முன்னவை மூன்றுக்கும் எண்ணெய் வேண்டாம், இதற்கு வேண்டும். ஓட்டினால் தேயும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

டிக்கெட் வாங்காதவர்களுக்கும் வேடிக்கை உண்டு, வெளிவாசல் சுவரில். 1852-இலிருந்து இருக்கும் ஷெப்பர்டு கடிகாரத்துக்கு 24 மணி முகம். பூஜ்யம் உச்சியில், பன்னிரண்டு நேர் கீழே. கோடையில் ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிற கோடைக்கால நேரத்துக்கு அது மாறவே மாறாது; மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஊரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடும்.

கூரைமேல் சிவப்பு நேரப்பந்து. 1833-இல் தேம்ஸ் நதிக் கப்பல்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வைத்தது. 12:55-க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12:58-க்கு உச்சி, 13:00-க்கு விழும். நண்பகலை விட்டு ஒரு மணியைப் பிடித்ததற்குக் காரணம், நண்பகலில் ஆய்வாளர்களுக்குச் சூரியனை அளக்கிற வேலை இருந்தது. பந்து அசையத் தொடங்கும் கணம்தான் கணக்கு, அடியைத் தொடும் கணம் அல்ல. சத்தம் எதுவும் வராது. மணி அடிக்குமென்று காதைத் தீட்டிக்கொண்டு குனிந்து போன் பார்ப்பவர்கள் கோட்டை விடுவார்கள். காற்று பலமாக அடித்தால் பந்து ஏறாது.

பந்து மட்டும் கோடைக்கால நேரத்தை அனுசரிக்கும். ஆக ஜூலையில் பந்து விழும்போது கைக்கடிகாரத்தில் மணி ஒன்று. வாசல் கடிகாரத்தில் பன்னிரண்டு. சின்ன முள் நேர் கீழே நிற்பதால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஆறு. உலகத்துக்கே மணி சொன்ன வாசலில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்பார்கள்.