மர பேரிங் கடைவது

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் நான் வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் பழைய மாவு மில், மசாலா மில் சாமான்கள் இன்னும் வருகின்றன. அவற்றில் நான் ஆசையாகச் செய்வது, திருகுபோல் சுழன்று மாவைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூ கன்வேயரின் மர பேரிங். நீளமான ஷாஃப்ட் நடுவில் தொய்யாமல் இருக்க மேலிருந்து தொங்கித் தாங்குவது அது. எந்நேரமும் மாவுக்குள்ளேயே கிடக்கும்.

"இந்தக் காலத்தில் மரமா அண்ணே?" என்று புதிதாகச் சேரும் தம்பிகள் கேட்பார்கள். அங்கே இரும்புக் குண்டுகள் உருளும் பால் பேரிங் போட்டால் தூள் கிரீஸில் ஏறிப் பசையாகிவிடும். அந்தக் கிரீஸ் மாவில் சொட்டினால் இன்னும் மோசம். வெண்கலப் புஷ் (ஷாஃப்டைச் சுற்றி நிற்கும் உருளை வளையம்) எண்ணெய் வற்றினால் ஷாஃப்டையே கடித்துவிடும். எண்ணெய் குடித்த மரமோ தான் தேய்ந்து ஷாஃப்டைக் காப்பாற்றும். ஷாஃப்டைக் கழற்றி மாற்றும் செலவு தெரிந்த தவுக்கே (முதலாளி) யாரும் மரத்தைக் குறை சொல்ல மாட்டார்.

மேலைநாடுகளில் இதற்கு மேப்பிள் மரம். கப்பலின் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கோ தண்ணீரில் மூழ்கும் அளவு கனமான லிக்னம் விட்டே என்ற மரம். அதன் பிசினே எண்ணெய் வேலையைச் செய்யும். 1954-ல் நீரில் இறங்கிய அமெரிக்க நாட்டிலஸ் அணுசக்தி நீர்மூழ்கியிலும் அந்த மரம்தான் இருந்தது. எங்களுக்குக் கிடைப்பது செங்கால் (chengal) என்ற உள்ளூர்க் கடினமரம். நன்றாகக் காய்ந்த பழைய வீட்டுத் தூண் கிடைத்தால் விடமாட்டேன்.

கட்டையை வெட்டும்போதே நார் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பாரம் விழும் பக்கத்தில் நாரின் முனைகள் ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். எண்ணெய் அந்த முனைகள் வழியாகத்தான் மேலே வரும். தேய்மானமும் அங்கே குறைவு. ஓட்டையை முதலில் சின்னதாகப் போட்டு, கட்டையை உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெயில் மெதுவாகச் சூடாக்குவேன். உள்ளிருக்கும் ஈரமும் காற்றும் குமிழ்களாக வெளியேறும். குமிழ் அடங்கியதும் கட்டையை எடுக்கக்கூடாது. எண்ணெயிலேயே ஆறவிட்டால்தான் காலியான இடத்துக்குள் எண்ணெய் இழுபடும். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். அப்புறம்தான் கூரான டூலால் ஓட்டையைச் சரியான அளவுக்குக் குடையும் கடைசிப் போரிங். 50 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்குக் கால் மில்லிமீட்டராவது இடைவெளி விடுவேன். பினாங்கு ஈரத்தில் மரம் உப்பும்; வெண்கலத்துக்கு வைக்கிற இறுக்கம் இதற்கு ஆகாது.

வறுத்த மிளகாயைச் சூடாகவே தள்ளும் கன்வேயர் என்றால் மரம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மரம் சூட்டை வெளியே கடத்தாது, எண்ணெய் வற்றிக் கருகிவிடும். முதலில் ஆறவைக்க வழி பண்ணுங்கள், பிறகு பேரிங் பேசலாம் என்பேன்.