ஜிம்னியின் பின்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக்: இதுவரை நடந்த வேலை

சக்கரத்தோடு சுழலும் மூடிய டிரம்முக்குள் ஷூ விரிந்து அழுத்துகிற டிரம் பிரேக்குக்குத் தண்ணீர் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வெறும் தண்ணீர் என்றால் நாலு தடவை பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். செம்மண் சேறு உள்ளே போனால்தான் தொல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங், லாசா பக்கம் போகிற ரோட்டில் எங்கே உள்ளே திரும்பினாலும் செம்பனைத் தோட்டம், செம்மண் பாதை, குலை லோரி உழுதுவிட்டுப் போன பள்ளம். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் அச்சு வரைக்கும் இறங்கி ஏறினால் பின் பிரேக் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, அப்புறம் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும். இறக்கத்தில் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் வண்டி பழைய சுசூகி ஜிம்னி, எஸ்.ஜே. 410. 1981-ல் வந்த வகை, 970 சி.சி. எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. இந்த வகையில் ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு நாலு சக்கரத்திலும் டிரம்தான். என்னுடையது பின்னால் வந்தது, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அந்தப் பின் டிரம்மைத்தான் இப்போது மாற்றியிருக்கிறேன்.

கழற்றியபோது உள்ளே இருந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையை ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை. டிரம்மின் அடிப்பாதியில் செம்மண் அப்பளமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஷூவின் மேல் நுண்கற்கள் பதிந்து, டிரம் உட்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடி ஒரு பக்கம் எழும்பி, அதற்குள் துருத் தண்ணீர். அட்ஜஸ்டர் திருகே அசையவில்லை. போன மழைக்கு முன்னால்தான் எல்லாம் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து மூடியது. ஒன்று கவனம், பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் அந்தத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதக் கூடாது. தண்ணீரில் நனைத்துத் துடைத்து எடுப்பதுதான் சரி.

டிஸ்க் போட்டால் வண்டி பாதித் தூரத்தில் நின்றுவிடும் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். அதோடு டிரம்முக்கு ஒரு தனிக் குணம் உண்டு: சுழலும் டிரம்மே முன் ஷூவை இழுத்துத் தன்மேல் இன்னும் அழுத்திக்கொள்ளும், குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது, கொடுக்கிற அழுத்தத்துக்குத்தான் பிடிக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான். மிதித்த அளவுக்குப் பிடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும், தண்ணீரிலிருந்து ஏறியதும் ஒரு சுற்றில் துடைத்துக்கொண்டு வேலைக்கு வர வேண்டும்.

இந்த மாற்றத்தில் பல வண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வது ஹேண்ட் பிரேக்கில். பின் டிரம்மைத் தூக்கிவிட்டால் அதோடு ஹேண்ட் பிரேக்கும் போய்விடும், அதற்காக ஹேண்ட் பிரேக் கம்பி மாட்டுகிற வகைக் காலிப்பரை (பேட்டுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பது) தேடி அலைய வேண்டும். எஸ்.ஜே. 410-க்கு அந்தக் கவலை இல்லை. இதன் ஹேண்ட் பிரேக், எஞ்சின் பலத்தை முன்-பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் தனியாக ஒரு சின்ன டிரம்மாக உட்கார்ந்து, அங்கிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டான பின் பிராப் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. சக்கரத்தில் என்ன செய்தாலும் அது அப்படியே இருக்கும். ஆனால் அதை நம்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அது பிடிப்பது ஷாஃப்ட்டை. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழலும், தரையிலிருக்கும் மற்றது உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இந்த வண்டியைத் தூக்கவே கூடாது. ஓடும்போது அதை இழுக்கவும் கூடாது.

சாமான் விஷயம். ஜிம்னி, பழைய விட்டாரா இரண்டுக்கும் வீல் நெட்டு 5, அவை உட்காரும் வட்டம் 139.7 மில்லி என்பதால் டிஸ்க் கிடைப்பது சிரமமில்லை. ஈப்போவில் ஒரு ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின் சாமான் விற்கும் கடை) முன்பக்க டிஸ்க் ஒரு ஜோடி எடுத்தேன், சில நூறு வெள்ளிக்குள் காலிப்பரும் சேர்ந்து வந்துவிட்டது. டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. காலிப்பரில்தான் யோசனை வேண்டும். முன்பக்கத்துக் காலிப்பரையே பின்னால் மாட்டினால் பின்பக்கம் அளவுக்கு மீறிப் பிடிக்கும். 51 மில்லி பிஸ்டனின் பரப்பு சுமார் 2,043 சதுர மில்லி. 45 மில்லி என்றால் சுமார் 1,590. விட்டத்தில் 6 மில்லிதான் வித்தியாசம், பிடிக்கும் பலத்திலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பின்பக்கம் இத்தனை லேசான வண்டிக்குச் சின்னப் பிஸ்டன்தான் சரி என்று 45 மில்லியையே எடுத்தேன். ரப்பர் எல்லாம் புதிது போட்டு, ஸ்லைட் பின்களைத் தேய்த்துக் கிரீஸ் வைத்தாகிவிட்டது.

அச்சைக் கழற்றும் வேலைக்கு மாமா வந்தார். தோட்டத்தில் வருடக்கணக்காக டிராக்டர் ஓட்டியவர், இப்போது லயத்துக்குப் பின்னால் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறார். முதலில் டிஃபரென்ஷியல் ஆயிலை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அச்சை உருவும்போது அத்தனையும் தரையில். டிரம்மின் பின்தட்டில் இருக்கும் நாலு நெட்டையும் கழற்றியாயிற்று, அச்சு வரவில்லை. மாமா கழற்றிய டிரம்மையே எடுத்துத் தலைகீழாக ஸ்டட்டில் மாட்டி, நெட்டுகளை நுனியில் மட்டும் ஏற்றிவிட்டு, டிரம்மைப் பிடித்துத் தன் பக்கம் வெடுக் வெடுக்கென்று இழுத்தார். டிரம் நெட்டில் மோதுகிற அடியில் அச்சு பேரிங்கோடு நழுவி வந்துவிட்டது. இதற்கென்று தனிச் சாமான் வாங்கத் தேவையே இல்லை.

டிரம்மின் பின்தட்டு பேரிங்குக்கும் அச்சின் தலைக்கும் நடுவில் மாட்டியிருக்கும். பேரிங்கைப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்தை எடுத்தால்தான் தட்டு வெளியே வரும். வளையத்தை கிரைண்டரால் முக்கால் ஆழத்துக்கு மட்டும் அறுத்து, மிச்சத்தை உளியால் ஓர் அடி. அச்சின் மேல் கிரைண்டர் படவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் பின்னாளில் அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். சரியாக அறுபட்டிருந்தால் அந்த அடிக்கு ‘டிங்’ என்று ஒரு சத்தம், வளையம் வாய் பிளந்து கழன்றுவிடும். புதுப் பேரிங், புது வளையம், புது ஆயில் சீல். பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், சுத்தியல் வேலைக்கு ஆகாது. சீல் கசிந்தால் கியர் ஆயில் நேராகப் பிரேக் மேல்தான் போகும். ஆற்றில் இறங்குகிற வண்டி என்பதால் அச்சின் காற்றுக் குழாயையும் உயரத்துக்கு நீட்டிவிட்டோம். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் 12 மில்லி இரும்புத் தகட்டில் செய்தது. முதலில் அட்டையில் வெட்டி, மாட்டிப் பார்த்து, அந்த அட்டையை லேத் பட்டறைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கொடுத்தேன். மனிதர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அச்சையும் டிஸ்க்கையும் கொண்டு வா என்றார், அட்டையை நம்பி இரும்பை வெட்ட மாட்டாராம். டிஸ்க்கின் நடுத்துளையை அச்சுத் தலையில் ஆட்டமில்லாமல் உட்காரும்படி கடைந்து கொடுத்தார். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் டிஸ்க் நடுவில் உட்காரவில்லை என்றால் மற்றது எல்லாம் வீண். மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தைப் பார்த்தோம், 0.1 மில்லிக்குள் இருந்தது. காலிப்பர் டிஸ்க்குக்கு நேர் நடுவில் வரும்வரை வாஷர் தகடு மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்டது இதுதான். போல்ட் எல்லாம் அதிக பலம் தாங்கும் 10.9 முத்திரை போட்டவை. 15 அங்குல ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவில் விரல் போகிற இடம் இருக்கிறது.

குழாய் வேலையில் இரண்டு விஷயம். காலிப்பர் பேட் தேயத் தேயப் பக்கவாட்டில் நகரும், அதனால் அச்சின் மேல் வரும் இரும்புக் குழாயை நேராக அதில் முடுக்கக் கூடாது, நடுவில் குட்டையாக ஒரு ரப்பர் ஹோஸ் வேண்டும். இரண்டாவது, காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இடது வலது மாறிவிட்டால் நிப்பிள் அடியில் போய்விடும், உள்ளே காற்று மேலே தங்கிவிடும், நாள் முழுக்க மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். செப்பு வாஷர்கள் புதிது, பிரேக் ஆயில் டாட் 4. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 230 வரை. ஆனால் இரண்டுமே காற்றின் ஈரத்தை இழுத்து நாளாக ஆகக் கொதிநிலை இறங்கும். நம் ஊர் ஈரத்துக்குத் திறந்து வைத்த டப்பாவை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை யாரும் கண்டுகொள்வதில்லை. டிரம்முக்கென்று வந்த சிலவற்றில் பின் குழாய் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும், காலை எடுத்த பிறகும் 10 பி.எஸ்.ஐ. போல அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைக்கும். டிரம்முக்கு அது நல்லது, வீல் சிலிண்டர் ரப்பர் விரிந்தே இருக்கும், காற்று புகாது. டிஸ்க்குக்கு அது ஆகாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பெடலை மிதித்து விட்டபின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவும், இறுக்கமாக இருந்தால் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கவும், ஆயில் சர்ரென்று பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் அந்த வால்வுதான் காரணம். என் வண்டியில் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. காலிப்பர் வீல் சிலிண்டரைவிட அதிக ஆயில் குடிக்கும், பெடல் முன்பைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் பிடிக்கிறது, ஆனால் கெட்டியாக இருக்கிறது.

கடைசியாக முன்-பின் சமநிலை. மொத்த வேலையின் உயிரே இதில்தான் என்பது என் எண்ணம். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் ஓடிவிடும், முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் நேராக இழுத்துக்கொண்டு போகும். அதற்காகப் பின் குழாயில் திருகு வைத்த பிரஷர் வால்வு ஒன்று போட்டேன். குறைந்த அழுத்தத்தில் அது ஒன்றும் செய்யாது, ஓர் அளவுக்கு மேல் போனால் பின்பக்க அழுத்தம் ஏறுவதை மட்டுப்படுத்தும். சில ஜிம்னி வகைகளில் பின் அச்சோடு சேர்ந்த பழைய வால்வு உண்டு, இருந்தால் இரண்டையும் ஒன்றாக வைக்காமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பேட் பதியட்டும் என்று மிதமான வேகத்தில் பலமுறை மிதித்து ஆறவிட்ட பிறகு, மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோர் முன்னால் ஆளில்லாத சிமெண்டுத் திடலில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அழுத்திப் பார்த்தோம். மாமா தள்ளி நின்று சக்கரத்தை மட்டும் பார்த்தார்.

“மாப்பிள்ளை, பின் டயர்தான் முதல்ல லாக் ஆவுது. இன்னும் திருகு.”

திருகினேன். முன்சக்கரம் ஒரு நொடி முன்னால் லாக் ஆகும் இடத்தில் வைத்து, அப்புறம் பின்னால் சாமான் ஏற்றியும், நனைந்த செம்மண்ணிலும் பார்த்தோம். வண்டி நேர்கோட்டில் நின்றது. இனி அந்தத் திருகை யாரும் தொடாதபடி வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டாயிற்று.

இப்போது தண்ணீரிலிருந்து ஏறியதும் முதல் மிதியில் லேசாக ஒரு தாமதம், அடுத்ததில் முழுப் பிடி. சேற்றில் பேட் வேகமாகத் தேயும், அதை ஒத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று சக்கரத்தைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிறது, மண்ணை ஹோஸில் அடித்தால் போய்விடுகிறது. ரோட்டில் ஓடும் வண்டியின் பிரேக்கில் கைவைப்பவர்கள் முதலில் ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்டு, அவர்கள் சொல்கிற வழியில் ஒப்புதல், பரிசோதனை, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளுங்கள். என் வண்டிக்கு அந்தக் காகித வேலை நடந்துகொண்டிருக்கிறது, முடியும்வரை தோட்டத்துக்குள் மட்டும்தான். பாக்கி இருப்பது டிஸ்க்கின் உட்பக்கத்துக்குக் கல் தடுக்கும் தகடு. அலுமினியத்தில் வெட்டுவதா, மெல்லிய இரும்பிலா என்று மாமாவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.