கேசட்டில் வந்த மூன்லைட் சொனாட்டா: அரைக் கட்டை எங்கே போனது?

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் போன மாதம் ஒரு பழைய கேசட் கிடைத்தது. பேத்தோவன் பியானோவுக்கு எழுதிய மூன்லைட் சொனாட்டா, மூன்று பகுதிகளும் இருந்தன, வாசித்தவர் பெயர் மட்டும் அட்டையில் தேய்ந்து போயிருந்தது. கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், இதைக் கணினியில் ஏற்றி வேகம் என்ன, சுருதி என்ன, கேட்கும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்று ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் வீட்டில் அப்பாவின் டேப் டெக் இருக்கிறது. முதல் நாள் அதில் ஓட்டிப் பதிவு செய்தேன், முதல் பகுதி 6 நிமிடம் 20 விநாடி வந்தது. போனில் இருக்கும் ஆப், வேகம் நிமிடத்துக்கு 131 அடி, சுருதி ஈ ஃபிளாட் மேஜர் என்றது. இரண்டுமே பொருந்தவில்லை. இந்த சொனாட்டா 1801இல் எழுதப்பட்டது, சுருதி சி ஷார்ப் மைனர், நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை, முதல் பகுதிக்கு பேத்தோவன் எழுதிய குறிப்பு அடாஜியோ, அதாவது நிதானம். 131 எப்படி நிதானமாகும்?

வேகக் குழப்பம் சீக்கிரம் தீர்ந்தது. வலது கை முழுக்கத் திஸ்ர நடை, தகிட தகிட என்று ஓர் அடிக்கு மூன்று சுரம். ஆப் ஒவ்வொரு சுரத்தையும் ஓர் அடியாக எண்ணியிருக்கிறது. 131ஐ மூன்றால் வகுத்தால் சுமார் 44. கையாலும் சரிபார்த்தேன். முதல் பகுதியில் 69 பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்), பார் ஒன்றுக்கு நான்கு அடி, மொத்தம் 276 அடி, அதை 6 நிமிடம் 20 விநாடிக்கு வகுத்தாலும் 43.6தான்.

சுருதியைப் பிடித்தது அப்பா. அவர் பஜனை மடத்தில் ஹார்மோனியம் வாசிப்பவர். திண்ணையில் இருந்தபடியே, "ஏண்டா, ஒன்றரைக் கட்டைன்னு சொன்னியே, இது ஒரு கட்டையில இல்ல கேக்குது?" என்றார். ஹார்மோனியத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் உண்மைதான், சி மைனரில், அதாவது ஒரு கட்டையில் ஓடுகிறது. ஆப் சொன்ன ஈ ஃபிளாட் மேஜருக்கும் சி மைனருக்கும் சுரங்கள் ஒன்றே என்பதால் அதன் குழப்பமும் புரிந்தது. மெட்டின் முதல் சுரம் பஞ்சமம், 415.3 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது 392இல் நின்றது. சரியாக அரைக் கட்டை குறைவு.

தப்பு கேசட்டிலா டெக்கிலா? அதே டெக்கில் பல வருஷம் முன்பு அப்பா ஒன்றரைக் கட்டையில் பாடிப் பதிவு செய்த பஜனைக் கேசட்டைப் போட்டோம். அதுவும் ஒரு கட்டையில்தான் கேட்டது. ஆக டெக்தான். திறந்து பார்த்தால் பெல்ட் தளர்ந்து கிடந்தது. புது பெல்ட் மாட்டி, மோட்டார் பின்பக்கத் துளையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 411 ஹெர்ட்ஸ் வரை கொண்டு வந்தேன். அதற்கு மேல் திருப்பப் பயமாக இருந்தது. மீதி ஒரு சதவீதத்தைக் கணினியில், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சரி செய்தேன். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் ஸ்பீடு மாற்றத்தைத்தான் எடுக்க வேண்டும், சுருதியை மட்டும் தூக்கினால் டேப் இழுத்த நேரம் அப்படியே நின்றுவிடும். இப்போது 5 நிமிடம் 59 விநாடி, வேகம் 46.

எண்ணில் பார்த்தால் 44க்கும் 46க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். மெதுவாக ஓடிய பதிவை முதல் நாள் நோட்டில் "தூக்கக் கலக்கம், பாரம்" என்று எழுதியிருந்தேன், அது பேத்தோவனுடையது இல்லை, தளர்ந்த பெல்ட்டுடையது. சரி செய்த பிறகு கேட்டால் துக்கம் இருக்கிறது, ஆனால் அது நடக்கிறது, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

ஏன் அப்படி என்று ஹார்மோனியத்தில் வாசித்துத் தேடினோம். இடது கை ச, நி, த, ம என்று இறங்கி, ப வரை ஏறி நிற்கிறது. இரண்டாவது பாரில் வரும் நி நடபைரவி ராகத்தின் கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி; நான்காவதில் வருவது கீரவாணி ராகத்தின் காகலி, அரைக் கட்டை உயர்ந்த நி. நடுவில், மூன்றாவது பாரின் பின்பாதியில், திடீரென்று சுத்த ரிஷபம், அதாவது தாழ்ந்த ரி வருகிறது. நடபைரவியிலும் கிடையாது, கீரவாணியிலும் கிடையாது. அப்பா அந்த இடத்தில் துருத்தியை நிறுத்தி, "இங்க பாருடா" என்றார். மெட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, வெறும் தகிட தகிட ஓடும்போதே மனசைப் பிசைவது அந்த ஒற்றைச் சுரம். நிலவு என்ற பெயர் பேத்தோவன் வைத்தது இல்லை, எனக்கும் நிலவு எதுவும் தெரியவில்லை, அந்த ரிஷபம்தான் தெரிகிறது.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். பேத்தோவன் தாளக் குறி போட்டது பாருக்கு இரண்டு அடி என்றுதான். நான்காக எண்ணாமல் இரண்டாகத் தட்டினால், நிமிடத்துக்கு 23 தட்டு, சுரங்கள் நீளமான மூச்சாகச் சேர்ந்துகொள்கின்றன. அப்பா தொடையில் அப்படித்தான் தட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார். முடிவில் பஞ்சமம் இடது கைக்கு இறங்கி அடியில் முனகும்போது மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

பி பக்கத்தில் மூன்றாம் பகுதி, பிரெஸ்டோ, அதாவது மிக வேகம், அதே ஒன்றரைக் கட்டை. அந்த ஓட்டத்துக்குப் புது பெல்ட் ஆடாமல் நிற்கிறதா என்று வரும் ஞாயிறு பார்க்க வேண்டும்.