கிளைவ் தோற்ற தேர்தல்

ஆற்காட்டு டெல்லி கேட்டைப் பார்க்க யாராவது வெளியூரிலிருந்து வந்தால், வளைவுக்கு மேலே இருக்கும் அறையைக் காட்டி, "கிளைவ் இங்கதான் தங்கியிருந்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவைத்தான் சொல்கிறேன். அந்த ஆள் அப்புறம் எலெக்‌ஷனில் நின்றார் என்பதை யாரும் சொல்வதில்லை. வார்டு கவுன்சிலர் முதல் எம்.பி. வரை பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான். எனக்கு அவர் பெயர் வாங்கிய ஆற்காட்டு முற்றுகையைவிட அந்தத் தேர்தல்தான் ருசி.

முற்றுகையையும் விட முடியாது, மனிதருக்கு மூலதனம் போட்டுக் கொடுத்ததே அதுதான். ஷ்ரோப்ஷர் பக்கம் பெரிய வருமானமில்லாத ஒரு நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. 1744-ல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு சந்தா சாகிபும், கம்பெனி ஆதரித்த முகமது அலியும் போட்டி போட்டார்கள். 1751-ல் சந்தா சாகிப் திருச்சியில் முகமது அலியை மடக்கி வைத்திருந்தபோது, கிளைவ் சுமார் 200 வெள்ளைக்காரர்களையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு இடி மழையில் ஆற்காட்டுக்கு நடந்தார். கோட்டையில் இருந்தவர்கள் சண்டையே போடாமல் கிளம்பிவிட்டார்கள். பிறகு சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் வந்து வளைத்துக்கொண்டார். ஐம்பது நாள். கடைசித் தாக்குதலில் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை இடிக்க விட்டார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் அவை திரும்பி, பின்னால் வந்த சொந்த ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடின. சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித்தண்ணியைக் குடித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அடுத்து ஆரணி, காவேரிப்பாக்கம் என்று இன்றைக்கு நாம் பஸ் போர்டில் படிக்கிற ஊர்களில் எல்லாம் ஜெயித்தார்.

1753-ல் காசும் பேருமாக லண்டன் திரும்பியவர், மறு வருஷமே இங்கிலாந்தின் கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல் என்ற பார்லிமெண்ட் தொகுதியில் நின்றார். அது நூறு ஓட்டுகூடத் தேறாத தொகுதி. நம்ம ஊரில் ஒரு தெருவுக்கே அதைவிட அதிகம் இருக்கும். இருக்கிற ஓட்டும் இரண்டு பிரபுக்களின் பிடியில். இவருக்குப் பின்னால் சாண்ட்விச் பிரபு, எதிர்த்தரப்புக்கு நியூகாசில் பிரபு. கிளைவ் பணத்தை இறைத்து ஜெயித்தார். எதிர்த்தரப்பு செல்லாது என்று மனு போட்டது. விசாரித்த குழு கிளைவ் பக்கம் நின்றும், 1755-ல் சபை வாக்கெடுப்பில் கட்சிக் கணக்கு மாறிப்போய்ப் பதவி பறிபோனது. குழுவில் பேசி முடித்ததை சபையில் கவிழ்ப்பதற்கெல்லாம் நாம் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை போல.

கையில் பதவியும் இல்லை, காசும் கரைந்துவிட்டது. அதே வருஷம் மறுபடி கப்பலேறினார். இரண்டு வருஷத்தில், வங்காளத்தைக் கம்பெனி கைக்குக் கொண்டுவந்த பிளாசி போர். அந்த மனு தள்ளுபடியாகியிருந்தால் வங்காளத்துக்குப் போனவர் வேறு யாராவதாக இருந்திருப்பார் என்பது என் கணக்கு.

அடுத்த தடவை வங்காளப் பணத்தோடு போனார். 1761-ல் ஷ்ரூஸ்பரி தொகுதி. சாகும்வரை அதை விடவில்லை. 1762-ல் பிரபு பட்டமும் வந்தது, ஆனால் அயர்லாந்துப் பட்டம். அதை வைத்துக்கொண்டு லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது, கீழ்ச்சபை மட்டும்தான். அவருக்கு அது ஒரு குறைதான். அயர்லாந்தில் வாங்கிய நிலத்துக்குப் பிளாசி என்றே பெயர் வைத்துக்கொண்டார். 1773-ல் அதே பார்லிமெண்ட் அவர் சேர்த்த சொத்தைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டது, தப்பித்தார். அடுத்த வருஷம் செத்துப்போனார்.

அப்பாவுக்குக் கிடைக்காத மேல்சபை மகனுக்குக் கிடைத்தது. எட்வர்ட் கிளைவ் 1794-ல் பிரிட்டிஷ் பிரபுவாகி, 1798-ல் சென்னை கவர்னராக வந்தார். எந்த முகமது அலிக்காக அப்பா ஆற்காட்டில் அடைபட்டுக் கிடந்தாரோ, அவருடைய மகன் 1801 ஜூலையில் இறந்ததும், வாரிசுப் பேச்சு கிளம்பிய கையோடு கர்நாடகத்தின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதி) நிர்வாகம் முழுவதையும் எட்வர்ட் கம்பெனிக்கு எழுதி வாங்கிவிட்டார். நவாப் பட்டம் ஏற்ற அசீம் உத் தௌலாவுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எட்வர்டுக்கு 1804-ல் பொவிஸ் பிரபு என்று இன்னும் ஒரு படி மேலே.