லிஸ்பன்ல யார்கிட்டயும் பேசாம நாலு சாயங்காலம்

எனக்கு கூச்ச சுபாவம்னு சொன்னா ஆஃபீஸ்ல யாரும் நம்ப மாட்டாங்க, மீட்டிங்ல நல்லா தான் பேசுவேன், ஆனா ஒரு ஹோட்டலுக்குள்ள தனியா நுழைஞ்சு "ஒரு ஆள் தான்"னு சர்வர்கிட்ட சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்து கொட்டிடும். ஊர்லயே பார்சல் வாங்கிட்டு வந்து ரூம்ல சாப்பிடற கேஸ் நான். போன ஜூன்ல போர்ச்சுகல் தலைநகரம் லிஸ்பனுக்கு தனியா போனதுக்கு காரணம் தைரியம்லாம் இல்லைங்க, கூட வர வேண்டிய ஃப்ரெண்டுக்கு விசா வரல, என் டிக்கெட்ட கேன்சல் பண்ணா காசு திரும்பாது, அவ்ளோதான்.

பகல்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல. கையில கேமரா இருந்தா தனியா சுத்தறவளும் டூரிஸ்ட் தான், யாரும் எதுவும் நெனைக்க மாட்டாங்க. சாயங்காலம் தான் கஷ்டம். ஆறு மணி போல மியூசியம் எல்லாம் மூடிடறாங்க, ஆனா ஜூன்ல அங்க சூரியன் மறையறதுக்கு ராத்திரி ஒன்பது ஆயிடுது, நடுவுல மூணு மணி நேரம் பளிச்சுனு வெயில், ஊரே ஜோடி ஜோடியா கும்பல் கும்பலா வெளிய உக்காந்து சிரிச்சிட்டு இருக்கு, நான் மட்டும் ரூமுக்கு போய் கட்டில்ல படுத்துக்கறதா?

முதல் நாள் மனச கல்லாக்கிட்டு ஒரு ரெஸ்டாரண்ட்ல போய் உக்காந்தேன். கேக்காமலே ரொட்டி, ஆலிவ் காய், கொஞ்சம் சீஸ் கொண்டு வந்து வெச்சாங்க. நம்ம ஊர்ல ஊறுகாய் வைக்கிற மாதிரின்னு நெனச்சு, கை சும்மா இருந்தா கூச்சமா இருக்கும்ல, அதுக்காகவே எல்லாத்தையும் தின்னு தீர்த்தேன். பில்லுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காசு. அதுக்கு பேரு கூவெர்ட், தொடலைன்னா காசு இல்ல, வேண்டாம்னு சொன்னா எடுத்துட்டு போயிடுவாங்கன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. வேண்டாம்னு சொல்லத்தானே எனக்கு வராது!

ரெண்டாவது நாள்ல இருந்து வழிய மாத்திட்டேன். எங்க எல்லாம் பேசாம இருக்கறது தான் சகஜமோ அங்க எல்லாம் போறதுன்னு முடிவு. லிஸ்பன் பேக்கரி எல்லாத்துலயும் கண்ணாடி கவுண்டர் இருக்கும், அது முன்னாடி நின்னுக்கிட்டே சாப்பிடலாம், ஊர்க்காரங்களே அப்படித்தான் சாப்பிடறாங்க. நம்ம டீக்கடை மாதிரியே தான். ஒரு பிக்கா, அதாவது குட்டி கப்புல கடுங்காப்பி, கூட ஒரு பாஷ்டெல் டி நாட்டா, அதாவது முட்டை கஸ்டர்ட் வெச்ச குட்டி டார்ட், அது மேல பட்டைப்பொடி தூவிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டு கிளம்பிடலாம். கூட யாரும் வரலையான்னு யார் கேக்கப் போறா.

அன்னிக்கு சாயங்காலம் காய்ஷ் டூ சொட்ரே படகுத்துறைல இருந்து ஆத்துக்கு அந்தப்பக்கம் கசில்யாஷ் போற படகுல ஏறினேன். டூரிஸ்ட் படகு இல்ல, வேலை முடிஞ்சு வீட்டுக்கு போறவங்க போற சாதாரண படகு, மெட்ரோவுக்கு வாங்கின அதே கார்டுல காசு போட்டு வெச்சிருந்தா போதும், பத்து நிமிஷத்துல அக்கரை. எல்லாரும் களைச்சு போய் ஃபோன பாத்துட்டு இருக்காங்க, நானும் அவங்கள்ல ஒருத்தி மாதிரி. அக்கரையில படித்துறை பக்கம் உக்காந்து பாத்தா மொத்த லிஸ்பனும் எதிர்ல மலை மலையா அடுக்கி வெச்ச மாதிரி தெரியுது, ஒரு பக்கம் செவப்பு தொங்கு பாலம். 1966ல தொறந்தப்போ அதுக்கு சர்வாதிகாரி சலாசார் பேரு, 1974 ஏப்ரல் 25ல புரட்சி வந்ததும் அந்த தேதியையே பாலத்துக்கு பேரா வெச்சுட்டாங்க. இருட்டற வரைக்கும் அங்கயே இருந்துட்டு அதே மாதிரி இன்னொரு படகுல திரும்பி வந்தேன். மொத்த பயணத்துலயே எனக்கு ரொம்ப பிடிச்ச சாயங்காலம் அது தான், செலவும் அது தான் கம்மி.

மூணாவது நாள் பக்கத்துல இருக்கற சின்ட்ராங்கற ஊரு. ரொசியோ ஸ்டேஷன்ல இருந்து ரயில்ல நாப்பது நிமிஷம். எல்லாரும் சொல்ற மஞ்சளும் செவப்புமான பேனா அரண்மனைய தூரத்துல இருந்து பாத்துட்டு விட்டுட்டேன், கியூவ பாத்ததுமே தெம்பு போயிடுச்சு. கின்டா ட ரெகலெய்ராவுக்கு கதவு தொறக்கற நேரத்துக்கே போயிட்டேன். பிரேசில்ல காசு சேத்த ஒரு பணக்காரர் 1900களோட ஆரம்பத்துல கட்டின தோட்டம், உள்ள ஒரு கிணறு, தண்ணிக்கான கிணறு இல்ல, கோபுரத்த தலைகீழா பூமிக்குள்ள இறக்கின மாதிரி 27 மீட்டர் ஆழம், சுத்தி சுத்தி படி எறங்குது, அடியில சுரங்கப்பாதை. கீழ போய் அண்ணாந்து பாத்தா வானம் ஒரு தட்டு அளவுக்கு. அங்க ஒரு விஷயம் கவனிச்சேன், தனியா நிக்கறவங்க கிட்ட தான் எல்லாரும் ஃபோன நீட்டி ஒரு ஃபோட்டோ எடுங்கன்னு கேக்கறாங்க. ஒரு மணி நேரத்துல ஏழு குடும்பத்துக்கு எடுத்துக் குடுத்தேன். இப்படி சின்னதா பேசிட்டு விலகிடறது எனக்கு சரியா இருக்கு, ஆரம்பிக்கவும் வேண்டாம் எப்படி முடிக்கறதுன்னு முழிக்கவும் வேண்டாம்.

அங்கிருந்து பஸ்ல ஐரோப்பா நிலப்பரப்போட மேற்கு முனையான காபோ ட ரோக்கா போய் செம காத்துல துப்பட்டாவ பறிகொடுக்காம காப்பாத்திட்டு, அப்படியே கஷ்காய்ஷ்ங்கற கடலோர ஊருக்கு. ராத்திரி அங்க ஒரு சின்ன கடையில தான் அது நடந்துச்சு. சர்வர் தாத்தாவுக்கு இங்கிலீஷ் வரல, ஒரு மூலைய காட்டி "மேஸ... ஜனேல"ன்னாரு. எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு. மேசை, ஜன்னல்! தலைய வேகமா ஆட்டினேன், ஜன்னலோர மேசைக்கு கூட்டிட்டு போனாரு. சாவி, அலமாரி, அன்னாசி, பீப்பாய் எல்லாம் நம்ம கிட்ட போர்ச்சுகீசியருங்க விட்டுட்டு போன வார்த்தைங்கன்னு ஸ்கூல்லயே படிச்சது தான், ஆனா அதுல ஒண்ணு என்ன நல்ல சீட்ல உக்கார வைக்கும்னு நெனைக்கல. (தமிழ் வார்த்தைங்க முதல்ல அச்சேறினதும் லிஸ்பன்ல தான், 1554ல, ரோமன் எழுத்துல.) அன்னிக்கு சாப்பிட்டது பகல்யாவ், உப்பு போட்டு காயவெச்ச மீனு, அதாவது கருவாடு. வீட்டு ஞாபகம் வராம இருக்குமா.

கடைசி நாள் ராத்திரி அல்ஃபாமா, லிஸ்பனோட பழைய பகுதி. பதுவை அந்தோனியார்னு நம்ம ஊர்ல கும்புடறாங்களே, அவர் பொறந்தது லிஸ்பன்ல, ஜூன் மாசம் பூரா அவருக்கு கொண்டாட்டம், சந்து பூரா கலர் பேப்பர் தோரணம், வாசலுக்கு வாசல் அடுப்புல மத்தி மீன் சுடற புகை. அந்த கூட்டத்த தாண்டி ஃபாடுங்கற அந்த ஊரு சோகப் பாட்ட பாடற ஒரு கடைக்குள்ள போனேன், இடம் இல்லாம வேற ஒருத்தங்க டேபிள்ல உக்கார வெச்சுட்டாங்க, எழுவது வயசு இருக்கும் ஒரு பாட்டிம்மா. போச்சுடா பேசணுமேன்னு நெனக்கறப்போ லைட்ட கம்மி பண்ணிட்டாங்க. ஃபாடு பாடறப்போ யாரும் வாய தொறக்கக் கூடாது, பரிமாறறது கூட நின்னுடும். பன்னெண்டு கம்பி கிட்டார் ஒண்ணு, கருப்பு சால்வை போத்தின ஒரு அம்மா கண்ண மூடிட்டு பாடறாங்க, மைக் கிடையாது. ஒரு வார்த்தையும் புரியல, ஒப்பாரி கேட்டு வளந்தவளுக்கு அந்த இழுவை மட்டும் நல்லா புரிஞ்சுது.

பாட்டு முடிஞ்சதும் பாட்டிம்மா ஆலிவ் தட்ட என் பக்கம் தள்ளினாங்க. நான் "ஒப்ரிகாது"ன்னேன். அவங்க சிரிச்சுட்டு, விரல ஆட்டி, "ஒப்ரிகாதா, ஒப்ரிகாதா"ன்னு ரெண்டு தடவை சொல்லி காமிச்சாங்க. ஆம்பளைங்க தான் ஒப்ரிகாது சொல்லணுமாம், பொம்பளைங்க ஒப்ரிகாதா. நாலு நாளா பேக்கரி, பஸ்ஸு, தங்கின வீடு எல்லா இடத்துலயும் ஆம்பள மாதிரி நன்றி சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன், ஒரு ஆளு திருத்தல! மறுநாள் ஏர்போர்ட் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த பேக்கரிக்கு போய் காப்பி வாங்கி, கொஞ்சம் சத்தமாவே ஒப்ரிகாதான்னு சொல்லிட்டு வந்தேன்.