வலப்பக்க மூலையில் திகதி

எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது, "நலமறிய ஆவல் போய்விட்டார்" என்றே ஒருவர் எழுதியிருந்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பட்டப்பெயர் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

1993இல், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் படித்த காலத்தில், போர்முனையிலிருந்து ஒருவன் தாய்க்கு எழுதும் கடிதத்தை வீட்டுவேலையாகத் தந்தார். புறநானூற்றுத் தாயையும் விழுப்புண்ணையும் குருதி தோய்ந்த மண்ணையும் சேர்த்து நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். சேர் அதை ஒரு சொல்லும் விடாமல் உரத்து வாசித்துவிட்டு, "கொம்மா இதை வாசிச்சிட்டு அடுப்பு மூட்டுவாவோ?" என்று கேட்டார். வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் பின்வாங்கில் இருந்தவனின் அரைப்பக்கக் கடிதத்தை எடுத்தார். வலப்பக்க மூலையில் திகதி இட்டு, மாடு கன்று போட்டதா, கிணற்றுக் கப்பியைத் திருத்தியாயிற்றா என்று விசாரித்து, 'நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்' என்று அவன் முடித்திருந்தான். அந்தத் தவணை முழுவதும் அவனோடு நான் பேசவில்லை.

மறு ஆண்டு நான் கிளாலிக் கடலேரியைக் கடந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினேன். அவன் 1995 இடப்பெயர்வில் சித்தி குடும்பத்துடன் வன்னிக்குப் போய் அங்கேயே தங்கிவிட, தாய் மட்டும் ஊர் திரும்பினார். வீட்டுக்கு ஒருவர் படைக்கு வரவேண்டும் என்று புலிகள் இயக்கம் கட்டாயப்படுத்தியபோது சித்தியின் மகனுக்குப் பதிலாக அவன் போனான். 2009 மாசியில், போரின் கடைசி மாதங்களில், சனம் ஒதுங்கியிருந்த புதுமாத்தளன் கரையில் அவன் எழுதிய கடிதம், காயப்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றபோது ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பப்பட்டு, பல மாதங்கள் கழித்தே தாயின் கைக்குச் சேர்ந்தது. போர் முடிந்த வைகாசிக்குப் பிறகு அவனைப் பற்றிய தகவலே இல்லை.

2012இல் ஊருக்குப் போனபோது சேரும் நானும் சைக்கிளில் அவ்வீட்டுக்குச் சென்றோம். கண்ணில் புரை விழுந்திருந்த அம்மா, சி.ஆர். கொப்பியில் கிழித்த அந்தத் தாளைச் சேரிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். வலப்பக்க மூலையில் திகதி இருந்தது. கூரை ஒழுகுகிறதா, தங்கையின் சம்பந்தம் என்னவாயிற்று என்பவற்றை, என் கடிதத்தை வாசித்த அதே குரலில் வாசித்துக்கொண்டு வந்தவர், 'நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். மாத்தளனில் சனம் கஞ்சிக்கு வரிசையில் நின்றதை அறியாதவர் அந்த முற்றத்தில் யாரும் இல்லை. அம்மா மட்டும், "வாசியுங்கோ சேர், எனக்கு மனப்பாடம்தான்," என்றார்.

திரும்பும் வழியில் தேநீர்க் கடையொன்றில் இறங்கினோம். "நீ வெளிநாட்டிலை இருந்து வீட்டுக்கு எழுதினதெல்லாம்?" என்று சேர் கேட்டார். ரொறன்ரோ உணவகமொன்றில் கோப்பை கழுவிய ஆறு ஆண்டுகளும், கணக்காளர் வேலை என்றுதான் அம்மாவுக்கு எழுதியிருந்தேன். பூட்டியிருந்த சைக்கிளை மறுபடியும் குனிந்து பூட்டினேன்.